பெயர்ப் பலகையும் பற்று நோட்டும்

 

அவினாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் வளாகத்தில் லுலு ஹைப்பர் மார்க்கெட் திறந்த நாளிலிருந்து இரண்டு கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. இளைஞர்கள் கேட்பது ஒன்று: "ஹஜரத், அது நம்ம ஆளோட கடை. அங்க வாங்கினா சமுதாயத்துக்குச் செய்யற உதவிதானே, அதுக்கு நன்மை உண்டுதானே?" கடை வைத்திருப்பவர்கள் கேட்பது இன்னொன்று: "அந்த மாதிரி பெரிய கடையில வாங்கறது எங்க வயித்துல அடிக்கறது. அது கூடாதுன்னு மிம்பர்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

இரண்டு பேருக்கும் ஒரே குத்பாவில் பதில் சொல்லப் பார்க்கிறேன். பள்ளிவாசலில் கடைவீதிப் பேச்சு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓதிய ஆலிம்களுக்குத் தெரியும், ஹிதாயாவின் பின்பாதி தொடங்குவதே கிதாபுல் புயூஃ, அதாவது கொடுக்கல் வாங்கல் பாடத்தில்தான். தொழுகையையும் நோன்பையும் முன்பாதியில் ஓதி முடித்த மாணவனுக்கு அடுத்து வருவது தராசு.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2022 மார்ச் கடைசியில் முதலமைச்சர் ஸ்டாலின் அபுதாபி போயிருந்தபோது லுலு குழுமத்தோடு 3,500 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. வணிக வளாகங்கள், ஏற்றுமதிக்கான உணவுப் பதப்படுத்தும் மையம், கோவையில் ஒரு ஹைப்பர் மார்க்கெட் என்றெல்லாம் சொன்னார்கள். உடனே எதிர்ப்பு வந்தது. சிறு வியாபாரிகளின் பிழைப்பு போய்விடும் என்று வணிகர்கள் பக்கமிருந்து குரல் எழுந்தது. அப்போது பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை, லுலுவைத் தமிழ்நாட்டில் வரவிட மாட்டோம் என்ற பொருளில் மேடையில் பேசினார். ஆனால் 2023 ஜூன் 14 அன்று தொழில்துறை அமைச்சர் டி.ஆர்.பி. ராஜாவும் லுலு தலைவர் யூசுஃப் அலியும் இருக்க, கடை திறந்தது. அன்று அவினாசி ரோட்டில் நின்ற வண்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். எதிர்த்தவர்கள் வீட்டு வண்டியும் அதில் நின்றிருக்கும்.

இப்போது கொஞ்சம் வடக்கே போய் வருவோம். அதே லுலு, அதே முதலாளி. 2022 ஜூலை 10 அன்று லக்னோவில் அவர்களுடைய மாலைத் திறந்துவைத்தவர் உத்தரப் பிரதேச முதலமைச்சர் யோகி ஆதித்யநாத். அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், 2022 பிப்ரவரியில், ஐக்கிய அரபு அமீரகத்தோடு விரிவான பொருளாதார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மத்திய அரசு. ஒரே முதலீடு லக்னோவில் வளர்ச்சி, கோவையில் ஆபத்து! எதிர்ப்பக்கமும் அப்படித்தான். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு வேண்டாம் என்று 2012-இல் சொன்ன திமுக, அந்த டிசம்பரில் மக்களவையில் வாக்கெடுப்பு வந்தபோது மத்திய அரசின் பக்கம் நின்று வாக்களித்தது. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சொல்வது மிம்பரின் வேலை அல்ல. ஆனால், கொள்கை என்று சொல்லப்படுகிற எல்லாம் கொள்கை அல்ல என்பதைத் தெரிந்துகொள்வது முஃமினின் வேலை.

நம் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் நம் கண்முன்னே வளர்ந்த உள்ளூர்க் கடை. கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் 29 கிளைகள். அதை 2020-இல் ரிலையன்ஸ் நிறுவனம் சுமார் 152 கோடி ரூபாய்க்கு வாங்கியது. நாட்டிலேயே மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் நம் வீதிக்குள் வந்து உட்கார்ந்தது. இந்த அளவுக்கு அதை யாராவது அரசியலாக்கினார்களா? டி-மார்ட் வந்தபோது? சிறு வியாபாரி மேல் உள்ள அக்கறைதான் காரணம் என்றால், அந்த அக்கறை ஒரு கடையின் பெயரைக் கேட்டால் எழுந்திருப்பதும் இன்னொரு கடையின் பெயரைக் கேட்டால் தூங்கிவிடுவதும் ஏன்?

இதைச் சொன்னதும் உங்களில் பலருக்குத் தலை ஆடுகிறது. "பாருங்க, பெயரைப் பார்த்துத்தான் எதிர்க்கறாங்க" என்று. சரி. நாம் எதைப் பார்த்து ஆதரித்தோம்?

கடை திறந்த வாரம் என் போனுக்கு வந்த செய்திகளை நான் படித்தேன். "நம் ஆள் ஜெயித்துவிட்டார்", "நம் கடை", "எல்லோரும் குடும்பத்தோடு போய் ஆதரவு கொடுங்கள்". சூரத்துர் ரஹ்மானில் லுஃலுஃ என்ற சொல் வருகிறது, முத்து என்று அர்த்தம், ஆகவே அந்தக் கடையில் பரக்கத் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். குர்ஆனில் வருகிற ஒரு சொல்லைப் பலகையில் எழுதுவதால் பரக்கத் வந்துவிடும் என்றால் வியாபாரம் மிகவும் சுலபம். தராசே தேவையில்லை.

யூசுஃப் அலி திருச்சூர் மாவட்டம் நாட்டிகாவில் பிறந்து, வளைகுடாவுக்குப் போய் உழைத்து முன்னுக்கு வந்தவர். நம் சமுதாயத்தில் ஒருவர் உயர்ந்திருக்கிறார் என்று மகிழ்வதில் எந்தத் தப்பும் இல்லை. இதை நானாகச் சொல்லவில்லை. ஒருவர் தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. ஆகாது என்றார்கள், தன் கூட்டத்தார் அநியாயம் செய்யும்போது அதற்குத் துணை போவதுதான் அஸபிய்யத் என்று விளக்கினார்கள். நேசம் வேறு, துணை போவது வேறு. மகிழ்ந்துகொள்ளுங்கள். ஆனால் அது ஒரு கம்பெனி. அதன் சில்லறை வணிக நிறுவனம் 2024 நவம்பரில் அபுதாபி பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. பங்கு வாங்கியவர்களில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். லக்னோ மாலில் சிலர் தொழுத வீடியோ வெளிவந்து பிரச்சினையானபோது, இங்கே தொழுகைக்கு அனுமதி இல்லை என்று பலகை வைத்தது அந்த நிர்வாகம்தான். வேலை செய்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் இந்துக்கள் என்று அறிக்கை விட்டதும் அவர்கள்தான். நான் குறை சொல்லவில்லை. கடை நடத்துகிறவர் கடையைத்தான் பார்ப்பார். 'நம் கடை' என்பது நாமே கட்டிக்கொண்ட கனவு.

பெயரைப் பார்த்துக் கடையைத் தீர்மானிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். கோவைக்காரர்களுக்கு வேண்டியதில்லை. 1997 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் இந்த ஊரில் உயிர்கள் போயின. கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. எந்தக் கடை என்று தேர்ந்தெடுக்க அன்று பார்க்கப்பட்டது என்ன? பலகையில் இருந்த பெயர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போயின. கடைவீதிக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள். அந்தப் பாவத்துக்கு மார்க்கத்தில் எந்த நியாயமும் கிடையாது. அதற்குப் பிறகு பல வருடங்கள் இந்த ஊரில் இவரிடம் வாங்காதே, அவருக்கு விற்காதே, அவருக்கு வீடு கொடுக்காதே என்ற பேச்சு ஓடியது. அந்தப் பேச்சில் அடிபட்ட பிள்ளைகள் இன்று நாற்பது வயதுக்காரர்களாக இந்த ஸஃப்புகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடிபட்ட நாமே அந்தத் தராசைக் கையில் எடுத்து, இது நம் பெயர், ஆகவே இங்கேதான் வாங்க வேண்டும் என்று சொல்லலாமா?

ஸீராவைப் பாருங்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவுக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. சகோதரராக்கப்பட்ட அன்ஸாரித் தோழர் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். இவர் துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். காட்டப்பட்டது பனூ கைனுகா என்ற யூதக் கோத்திரத்தின் சந்தை. அங்கே போய்ப் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத்தான் அவர் எழுந்து நின்றார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், வேறு சமூகத்தாரின் சந்தையில்! ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் வஃபாத்தான போது அவர்களுடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. வீட்டுக்கு வாங்கிய முப்பது ஸாஃ வாற்கோதுமைக்காக. வசதியான ஸஹாபாக்கள் ஊர் நிறைய இருந்தார்கள். கொடுக்கல் வாங்கலில் யாருடைய கடை என்று நபியவர்கள் பார்க்கவில்லை.

நம் ஊரும் வந்தவர்களால் ஆன ஊர்தான். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை முதல் நூற்பாலையை வைத்தார். லுலு உட்கார்ந்திருக்கும் அதே வளாகத்தின் லட்சுமி மில்லை 1910-இல் குப்புசாமி நாயுடு தொடங்கினார். தெற்கத்தி அண்ணாச்சிமார், மலையாள டீக்கடைக்காரர்கள், மார்வாடி வட்டிக்கடைகள், உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் ராவுத்தர்கள், தக்னிகள், மாப்பிள்ளைகள். இதில் யார் வந்தவர், யார் இருந்தவர்?

ஆக, முதல் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. அங்கே வாங்குவது ஆகும். பொருள் ஹலாலா, விலை ஒத்துவருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் முதலாளியின் பெயருக்காகத் தனி நன்மை என்று எதுவும் கிடையாது.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. மலிவாக விற்பது குற்றமா? இதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதன் வேர் ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) பத்ருப் போரில் கலந்துகொண்ட ஸஹாபி. அவர் மதீனா சந்தையில் உலர்ந்த திராட்சை விற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த கலீஃபா உமர் (ரலி), விலையைக் கூட்டு, இல்லையென்றால் எங்கள் சந்தையை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடு என்று சொன்னார்கள். இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். விலையைக் குறை என்று சொல்கிற ஆட்சியாளரைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கூட்டு என்று சொன்னவர் உமர் (ரலி). தாயிஃபிலிருந்து திராட்சை ஏற்றிய ஒட்டகக் கூட்டம் வந்துகொண்டிருக்கிறது, உன் விலையைத்தான் அவர்களுக்கும் அளவாக்குவார்கள் என்று காரணமும் சொன்னதாக இன்னொரு அறிவிப்பில் வருகிறது. மலிவு என்றாலே நன்மை என்று அவர்கள் நினைக்கவில்லை. ஒருவர் குறைக்கிற விலையில் இன்னொருவர் விழுந்துவிடக்கூடாது என்று யோசித்தார்கள்.

ஆனால் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் வழியாக வருகிற அறிவிப்பில் பின்பாதியும் இருக்கிறது. வீட்டுக்குப் போன உமர் (ரலி) தன்னைத் தானே கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஹாதிபின் வீட்டுக்கே போய், நான் சொன்னது கட்டளையும் அல்ல, தீர்ப்பும் அல்ல. ஊர் மக்களின் நன்மைக்காக விரும்பிய ஒன்று, நீ விரும்பிய இடத்தில் விரும்பியபடி விற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பாரசீகத்தை வென்ற கலீஃபா, ஒரு திராட்சை வியாபாரியின் வாசலில்.

பண்டிகைக்குச் சாப்பாடு மாதிரி இந்தச் சம்பவத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய கடையை மூடு என்று சொல்ல எனக்கு ஷரீஅத்தில் ஆதாரம் இல்லை. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டும் அவர்கள் செய்யவில்லை. யாருக்கும் அநியாயம் செய்தவனாக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்றார்கள். அதே நேரத்தில், நஷ்டத்துக்கு விற்றுப் பக்கத்துக் கடைகளை விழச் செய்து, பிறகு விலையை ஏற்றுவது என்பது ஒருவனுடைய திட்டமாக இருந்தால், அது தீங்கிழைப்பது. அதைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு என்பதே என் புரிதல். நம் சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. அதைக் கேட்பதற்குக் கொடியும் வேண்டாம், முதலாளியின் மதமும் வேண்டாம்.

இந்த இடத்தில் சிறு வியாபாரிகளிடமும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக்கூடாது. அந்தக் கடைக்கு மக்கள் ஏன் ஓடுகிறார்கள்? விலை ஒட்டியிருக்கிறது, பில் தருகிறார்கள், பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வரலாம், யாரும் முறைப்பதில்லை. நம் கடைவீதியில் நான்கு துணியை விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்தால் பின்னாலிருந்து என்ன பேச்சு வரும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் காலை பத்து மணிக்கு நின்றால் இரவு பத்து மணி வரை நின்றார்கள். அவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்பதற்கு 2021-இல் சட்டசபையில் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது! உங்கள் வேலையாட்கள் உங்கள் சகோதரர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் சொன்னதை நாற்பது வருடமாக இந்த வீதியில் பயான் செய்துகொண்டிருக்கிறோம். நாற்காலி சட்டத்தால்தான் வந்தது. கரும்புக்கடையிலிருந்து ஒரு பெண்பிள்ளை பெரிய கடைக்கு வேலைக்குப் போய், பி.எஃப். பிடித்து வங்கியில் சம்பளம் வாங்கினால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

விவசாயி விஷயமும் இருக்கிறது. சரக்கோடு வரும் கூட்டத்தைச் சந்தைக்கு வெளியே போய் எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை தெரியாதவனை வழியிலேயே மடக்கி ஏமாற்றிவிடக் கூடாது என்பது காரணம். விலையை மறைக்காமல், ஊராருக்கும் கேடு இல்லாமல் வாங்கினால் குற்றமில்லை என்று ஹனஃபி இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். எந்தப் பெரிய நிறுவனமாக இருந்தாலும், தொண்டாமுத்தூரில் சின்ன வெங்காயத்தையும் பொள்ளாச்சியில் தேங்காயையும் தோட்டத்திலேயே வாங்கும்போது இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: அந்த விவசாயிக்கு அன்றைய மண்டி விலை தெரியுமா? இன்று அவர் கையில் போன் இருக்கிறது, பெரும்பாலும் தெரியும். தெரிந்து, மனம் ஒப்பி விற்றால் அது நல்ல வியாபாரம். மசாலாவும் அப்பளமும் செய்து பெரிய கடைகளுக்குப் போடுகிற நம் ஆட்களுக்குப் பணம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள் பணம் கொடு என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது.

இதுவரை பேசியது அரசும் கம்பெனியும் வியாபாரியும். வாங்குகிறவர் மிச்சம் இருக்கிறார்.

ஒரு மஹல்லாவில் அண்ணாச்சி கடை ஒன்று. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். சுற்றிலும் நம் வீடுகள். 2020 ஊரடங்கில் கூலி வேலை நின்று, நம் ஆட்களின் வீடுகளில் அடுப்பு எரியாதிருந்த நாட்களில், அரிசியும் எண்ணெயும் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார். அது 'நம் கடை'யா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அவர் என்னிடம் சொன்னது இது: "ஹஜரத், ஒண்ணாந் தேதி சம்பளம் பெரிய கடைக்குப் போயிருது. பதினஞ்சாந் தேதி முட்டைக்கும் சோப்புக்கும் நோட்டு எங்கிட்ட வருது. கேட்டா மனசு வருத்தப்படுவாங்கன்னு நானும் கேக்கறதில்ல."

நான் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா? இதற்குச் சொல்கிறேன். கையில் பணம் வந்தபிறகு கடனைத் தள்ளிப்போடுவதை அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ரொக்கத்தை ஒரு கடையில் கொடுத்து, கடனை இன்னொரு கடையில் வளர்ப்பது அதுதான். உரியவர் மாற்று மதத்தவர் என்றால் விஷயம் இலேசாகிவிடாது. அவருடைய ஹக்கைப் பறித்தால் மறுமையில் வழக்கு இன்னும் கடினம் என்று ஹனஃபி நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் உண்டு என்றார்கள். நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கினார்கள். அபூகதாதா (ரலி) எழுந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்று சொன்ன பிறகே தொழவைத்தார்கள். அதை வைத்துத்தான் நம் பள்ளிகளில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வாரிசுதாரர் நின்று, மய்யித்துக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று அறிவிக்கிறார்.

அந்த அறிவிப்பு நடக்கும்போது அண்ணாச்சி ஸஃப்பில் இருக்க மாட்டார். ஜனாஸா போகும்வரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நிற்பார். அறிவிப்பு அவர் காதில் விழாது, துக்க வீட்டுக்கு நோட்டை எடுத்துக்கொண்டும் அவர் வர மாட்டார். ஆகவே உங்கள் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று இன்றே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். மொத்தமாக முடியாதவர்கள் பாதியைக் கொடுத்து, மீதிக்கு ஒரு தேதி சொல்லுங்கள். கணக்கை வீட்டிலும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். மஹல்லாவில் யாருக்காவது உண்மையிலேயே கட்ட வழியில்லை என்றால் பெயர் சொல்லாமல் என்னிடம் தொகையை மட்டும் சொல்லுங்கள். கடனில் மூழ்கியவருக்கு ஜகாத்தில் பங்கு இருக்கிறது, ஜமாஅத்தில் பேசி ஏற்பாடு செய்யலாம். அஸர் தொழுகைக்குப் பிறகு மக்ரிப் வரை பள்ளியில்தான் இருப்பேன்.